கொத்தனார் மகன் சபாநாயகரான வரலாறு

சபாநாயகர் என்றதும், கட்சிச் சார்பைக் கழற்றி வைத்துவிட்டு இரு தரப்புக்கும் பொதுவாய் அமர்ந்திருக்கும் ஒருவரே நம் நினைவுக்கு வருகிறார். ஆங்கிலேய மரபிலிருந்து நாம் பெற்ற இலக்கணம் அது. நடைமுறை எப்படி என்பது வேறு கதை. அமெரிக்காவிலோ இலக்கணமே வேறு. அங்குச் சபாநாயகரே பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். எந்த மசோதா அவைக்கு வரும், எது வராது என்பதில் பெரும்பாலும் அவர் சொல்லே செல்லும். இவ்வதிகாரத்தை முதலில் மாநிலச் சட்டமன்றத்திலும், பின்னர் நாட்டின் பிரதிநிதிகள் சபையிலும் கையாண்டவர் தாமஸ் ஓ'நீல். 'டிப்' என்ற செல்லப்பெயராலேயே உலகம் அவரை அறிந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தில் 1912-இல் பிறந்தார். தந்தை கொத்தனாராயிருந்து நகரமன்ற உறுப்பினராக உயர்ந்தவர். தாயைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். 1927-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக வளாகத்தில் புல் வெட்டும் கூலி வேலைக்குச் சென்ற சிறுவன், பட்டமளிப்பு விழாப் பந்தலில் செல்வர் வீட்டு இளைஞர்கள் ஷாம்பெயின் அருந்திக் களிப்பதைக் கண்டான். நாடெங்கும் மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்த காலம் அது! சட்டம் யாருக்கு என்ற கேள்வி அன்றே அவனுள் விழுந்தது.

இயேசு சபையினரின் பாஸ்டன் கல்லூரியில் பயிலும்போதே நகரமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். தேர்தலுக்கு முன், எதிர்வீட்டு அம்மையார் ஒருவர், "நீ கேட்காவிட்டாலும் உனக்கே வாக்களிப்பேன்" என்ற பொருள்படக் கூறினாராம். பழகியவர்தானே என்று அவரிடம் வாக்குக் கேட்கவே இல்லை! சொந்தத் தெருவை மறந்தாயே என்று தந்தையும் இடித்துரைத்தார். அரசியல் அனைத்தும் உள்ளூர் சார்ந்ததே என்ற புகழ்பெற்ற பாடம் அங்குப் பிறந்தது.

1936-இல் மாநிலச் சட்டமன்றம் புகுந்தார். ஆசிரியர்கள் அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டுமென்ற சட்டத்தை நீக்கவேண்டி, தேசபக்திச் சங்கங்களின் சினத்தைப் பொருட்படுத்தாது வாக்களித்தார். 1949-இல், 36 வயதில், அம்மன்றத்தின் சபாநாயகரானார். அந்நூற்றாண்டில் ஜனநாயகக் கட்சியிலிருந்து அவ்விருக்கையில் அமர்ந்த முதல்வர் அவரே. 1952-இல் ஜான் கென்னடி செனட் சபைக்குப் போட்டியிட, அவர் விட்ட தொகுதியில் வென்று வாஷிங்டன் சென்றார்.

1967-இல் வியட்நாம் போரை எதிர்த்து, தம் கட்சியின் அதிபர் ஜான்சனோடு முரண்பட்டார். அவருக்கு வாக்களித்த உழைப்பாளர் குடும்பங்கள் அன்று போரை ஆதரித்தவை. அவர்கள் மக்களே போர்முனையில் இருந்தனர். அவர்களிடம் வீடுவீடாகச் சென்று விளக்க வேண்டியதாயிற்று. இருப்பினும் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1977 முதல் 1987 வரை பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராயிருந்தார்; இடைவெளியின்றி அவ்வளவு காலம் அப்பதவி வகித்தவர் வேறிலர்.

அவரது உண்மைச் சோதனை ரீகன் அதிபரான 1981-இல் தொடங்கிற்று. ஏழையர் நலத்திட்டங்களை வெட்டும் மசோதாக்களை அவை விதிகளால் முடக்கிப்போட ஓ'நீலால் முடிந்திருக்கும். மக்கள் தேர்ந்த அதிபருக்கு வாக்கெடுப்பு மறுக்கலாகாது என்று வழிவிட்டார். தம் கட்சியினர் பலர் மறுபக்கம் சாய, தோற்றார். இதைப் பலவீனம் என்பாரும் உளர். நமக்கோ, வலிமை உடையவர் அதைப் பயன்படுத்தாது விட்ட அரிய தருணமாகவே தோன்றுகிறது. எனினும், அந்த வெட்டுகளால் துன்புற்ற குடும்பங்களுக்கு இவ்விளக்கம் ஆறுதலாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1983-இல் முதியோர் ஓய்வூதிய நிதி வற்றும் நிலை வந்தபோது, இருவரும் உடன்பாடு கண்டு அதைக் காத்தனர். ஓய்வு வயது 65-லிருந்து 67-க்குப் படிப்படியாக உயர்ந்தது அதன் விலை.

நிகரகுவா விவகாரத்தில் மட்டும் அவர் இளகவேயில்லை. அவருடைய சித்தி மேரிநோல் சபைத் துறவி. அச்சபையின் சகோதரியர் இருவர் உட்பட நான்கு அமெரிக்கப் பெண்கள் 1980 டிசம்பரில் அண்டை நாடான எல் சால்வடோரில் கொல்லப்பட்டனர். அம்மக்களிடையே வாழும் துறவியரின் சொல்லையே, அரசு அறிக்கைகளைவிட அவர் பெரிதும் நம்பினார்.

1981 மார்ச் மாதம் ரீகன் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, முதலில் பார்க்கச் சென்றவர்களுள் ஓ'நீல் ஒருவர். கட்டிலருகே முழந்தாளிட்டு, அதிபரின் கையைப் பற்றி, 23-ஆம் திருப்பாடலைச் சொன்னார். வெளியே வந்ததும் பழையபடி எதிர்த்தார்.

1994 ஜனவரி 5 அன்று மறைந்தார். இறுதித் திருப்பலி வடக்கு கேம்பிரிட்ஜின் புனித யோவான் ஆலயத்தில், அவர் வளர்ந்த தெருக்களுக்கு நடுவே நிறைவேறியது.