அள்ளி முடிவதும் வெட்டுவதும்: அன்னவாசலிலிருந்து ஒரு கூந்தல் குறிப்பு

போன மாதம் ஒரு காதுகுத்துக்கு அன்னவாசல் போயிருந்தேன். பந்தி முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா மெதுவாகப் பக்கத்தில் வந்து, "ஏப்பா, முடி வெட்டுனா நமக்கு எப்புடி இருக்கும்னு போன்லயே பாக்கலாமாமே? காட்டு பாப்போம்" என்றார்.

பெரியம்மாவுக்கு 63 வயது. ஒரு வருஷமாக வலது தோள்பட்டை இறுகிக் கிடக்கிறது. கை காதுக்கு மேல் ஏறாது. கொண்டை போட முடியாது. மருமகள்தான் தினமும் தலை சீவிவிடுகிறார், முகம் சுளிக்காமல். ஆனால் இவருக்கு அது ஒப்பவில்லை. "சோறு போடச் சொல்லலாம், துணி தொவைக்கச் சொல்லலாம். தலையக் குடுத்துட்டு உக்காந்திருக்கது ஒரு மாதிரியா இருக்குப்பா." அதனால் தோள் வரை வெட்டிக்கொள்ளலாமா என்று யோசனை. வீட்டில் யாருக்கும் சம்மதம் இல்லை. பெரியப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், இவ எதுக்கு முடிய வெட்டுறா?"

அந்த வரிதான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது. மனைவி தோள் வலிக்காக முடி வெட்டுவதற்கும் கணவன் உயிரோடு இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? பெரியப்பாவிடம் கேட்டால் விளக்கம் வராது. ஆனால் அவர் சொன்னது அவர் கண்டுபிடித்த வரி அல்ல.

முதலில் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். அன்னவாசலுக்கு அடுத்து சித்தன்னவாசல். சிறு அண்ணல் வாயில் என்பதுதான் அப்படித் திரிந்தது என்பார்கள். அங்கே அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையில் உள்ள ஓவியங்களைப் பள்ளிச் சுற்றுலாவில் எல்லோரும் பார்த்திருப்போம். 1920 வாக்கில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் உலகுக்கு எடுத்துச் சொன்னவை இவை. நெடுநாள் மகேந்திரவர்மன் காலம் என்றே சொல்லிவந்தோம். பிறகு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்தான் என்று சொல்லும் கல்வெட்டு அந்தக் கணக்கை மாற்றியது.

தாமரைக் குளத்தைப் பார்க்க அண்ணாந்து நிற்பவர்கள் தூண்களில் உள்ள ஆடல் மகளிரின் தலையையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். உடை கொஞ்சம், நகை நிறைய, அதைவிடக் கவனம் தலையில். தூக்கிக் கட்டிய கொண்டை, அதைச் சுற்றி அணி, பூ. ராணி என்று கருதப்படும் பெண்ணுக்கும் அப்படித்தான். முகம் பாதி அழிந்த இடத்திலும் கொண்டையின் கோடு தெரிகிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். அந்தத் தூண்களில் கிழவி கிடையாது. எல்லோரும் இளம்பெண்கள். வயதான பெண்ணின் தலையை எப்படி முடிவது என்று கேட்டால் இளங்கௌதமன் காலத்து ஓவியனிடம் பதில் இல்லை.

இலக்கியத்தில் கூந்தலுக்குப் பஞ்சமில்லை. ஐம்பால் என்ற சொல்லுக்கு ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று ஒரு விளக்கம் உண்டு: முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை. உச்சியில் முடிந்தால் முடி, பக்கத்தில் முடிந்தால் கொண்டை, பின்னால் செருகினால் சுருள், சுருட்டி முடிந்தால் குழல், பின்னிவிட்டால் பனிச்சை. ஐந்துமே கட்டும் வகைகள். வெட்டும் வகை ஒன்றுகூட இல்லை! இன்றைக்கும் வீட்டில் புழங்கும் சொற்களைப் பாருங்கள்: அள்ளி முடியிறது, கோடாலி முடிச்சு, வலைக்கொண்டை, ரெட்டை ஜடை, நடு வகிடு, கோண வகிடு. எல்லாம் சீவுவதும் கட்டுவதும்தான். வெட்டுவதற்கு வந்த சொற்கள் மொத்தமும் பார்லர் வழியாக வந்தவை: யூ கட், ஸ்டெப் கட், லேயர், பாப், பாய் கட்.

அப்படியானால் தமிழில் பெண் முடியை வெட்டியதே இல்லையா? உண்டு. புறநானூற்றின் 250ஆம் பாடல், தாயங்கண்ணியார் பாடியது. விருந்தினர் வந்து நிறைந்த ஒரு வீடு, தலைவன் இறந்தபின் எப்படி ஆயிற்று என்று சொல்கிறது. அதில் மனைவி கூந்தலைக் களைந்து, வளையலை நீக்கி, அல்லிச் சோறு உண்டு இருக்கிறாள். பெண்ணின் கூந்தல் வெட்டப்படும் மிகப் பழைய தமிழ்க் காட்சிகளில் இது ஒன்று. வெட்டு என்றால் இழப்பு. பெரியப்பாவின் வரிக்கு வேர் அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது.

அதே புறநானூற்றில் 277ஆம் பாடலில் ஒரு முதிய தாய் வருகிறாள். அவள் நரைத்த கூந்தலைக் கொக்கின் இறகுக்கு ஒப்பிடுகிறார் பூங்கணுத்திரையார். நரையை அழகாகப் பார்த்த கண் நம்மிடம் இருந்திருக்கிறது. சாயம் பூசச் சொல்லவில்லை. இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை என்பது என் தனிப்பட்ட ஆதங்கம்.

பிற்காலத்தில் சில சாதிகளில், குறிப்பாகப் பிராமணக் குடும்பங்களில், கைம்பெண்ணின் தலையை மழிப்பது கட்டாயமானது. 1890இல் பம்பாயில் நாவிதர்கள் கூடி, இனி கைம்பெண்களின் தலையை மழிக்க மாட்டோம் என்று முடிவெடுத்த செய்தி லண்டன் வரை போனது. கத்தி பிடித்த கையே மறுத்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. தமிழ்நாட்டில் சகோதரி சுப்புலட்சுமியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1886இல் பிறந்தவர், சிறுவயதிலேயே கணவனை இழந்தவர். அவர் வீட்டார் தலையை மழிக்கவில்லை, படிக்க வைத்தார்கள். 1911இல் பட்டம் பெற்று, பிறகு தன்னைப் போன்ற பெண்களுக்காகச் சென்னையில் விடுதியும் பள்ளியும் நடத்தினார். (நம்ம புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டி பிறந்ததும் அதே 1886தான். அந்த வருஷத்தில் என்னவோ இருந்திருக்கிறது.)

வெட்டுவதற்கு இன்னொரு வழியும் இருந்தது: நேர்த்திக்கடன். பழனி, திருப்பதி, சமயபுரம் போனால் சுமங்கலியும் மொட்டை போட்டுக்கொள்ளலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முழு மொட்டை வேண்டாம் என்றால் பூமுடி, கொஞ்சம் நறுக்கிக் கொடுப்பது. ஆக ஒரு பெண்ணின் முடி மேல் கத்தியோ கத்தரியோ பட வேண்டுமென்றால் சாவு காரணமாக இருக்க வேண்டும், இல்லை சாமி காரணமாக இருக்க வேண்டும். 'எனக்கு இது வசதி', 'எனக்கு இது நல்லா இருக்கும்' என்பது மூன்றாவது காரணம். அதற்கு வயது மிகக் குறைவு.

மேற்கில் அந்த மூன்றாவது காரணம் முதல் உலகப் போரை ஒட்டி வந்தது. 1920களில் பாப் வெட்டு பரவியபோது அங்கேயும் வீடுகளில் சண்டைதான். இங்கே குடிஅரசு காலத்திலிருந்து பெரியார், பெண்கள் ஆண்களைப் போலக் கிராப் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவந்தார். கேட்டவர்கள் மிகச் சிலர். கடைசியில் குட்டை முடி வைத்த ஒரு முதிர்ந்த பெண்ணின் முகம் அன்னவாசல் டீக்கடை வரை வந்தது இந்திரா காந்தி வழியாகத்தான். குட்டை முடி, அதில் ஒரு வெள்ளைப் பட்டை. பிரதமரே கைம்பெண் என்பதால் அதை யாரும் தப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, தனக்கான முன்மாதிரியாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. நம் பெரியம்மாக்களின் கனவுத் தலை எம்.எஸ். சுப்புலட்சுமியின் கொண்டையும் மல்லிகையுமாகவே இருந்தது.

இப்போது போனுக்கு வருவோம். 'வெட்டாமலே வெட்டிப் பார்ப்பது' இன்று நேற்று வந்ததல்ல. 1990களின் கடைசியிலேயே, புகைப்படத்தின் மேல் சிகையலங்காரத்தை ஒட்டிப் பார்க்கும் குறுந்தகடுகள் அமெரிக்காவில் விற்றன. கனடாவின் டொரன்டோவில் தொடங்கிய மோடிஃபேஸ் நிறுவனத்தை 2018இல் லோரியல் வாங்கியது. செயலி செய்வது இதுதான்: முகத்தைக் கண்டுபிடிக்கும், கண் மூக்கு தாடை என்று புள்ளிகள் வைக்கும் (கூகுளின் ஒரு முறையில் 468 புள்ளிகள்), முடி எங்கே தோல் எங்கே என்று பிரிக்கும், பிறகு தன்னிடம் உள்ள முடியைத் தலையில் உட்கார வைக்கும். மலிவான செயலிகளில் அது தொப்பி மாதிரி உட்காரும்.

பெரியம்மாவை உட்கார வைத்து முதல் படம் எடுத்தேன். தப்பு என்மேல்தான், போனை மூஞ்சிக்கு நேரே நீட்டி, ஒரு அடி தூரத்தில் எடுத்துவிட்டேன். அந்தத் தூரத்தில் எடுத்தால் மூக்கு சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018இல் ஒரு அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. மூக்கு பெருத்து, காதுப் பக்கம் ஒடுங்கிப்போக, செயலி அவருக்கு 'நீள முகம்' என்று தீர்ப்பு சொன்னது. பெரியம்மாவுக்கு வட்ட முகம், ஊருக்கே தெரியும். வெளியே திண்ணை வெளிச்சத்தில், ஐந்தடி தள்ளி, கண் மட்டத்தில், முடியை வழித்துப் பின்னால் கட்டி நெற்றி தெரிய எடுத்ததும் சரியாக வந்தது. இன்னொன்று, 'பியூட்டி' என்று தானாக இயங்கும் வசதியை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருக்கமும் நிறமும் போய், வெட்டு நன்றாக இருக்கிறதா வெளுப்பு நன்றாக இருக்கிறதா என்று தெரியாது. "இது யாரு, என் தங்கச்சி மகளா?" என்று பெரியம்மாவே சிரித்தார். முகம் பார்க்கும் கணினி நம் நிறத்தில் தடுமாறுவது பழைய கதை: 2018இல் புவோலம்வினியும் கெப்ருவும் சோதித்தபோது, கறுத்த பெண்களின் பாலினத்தைக் கணிப்பதில் பிழை 34.7 விழுக்காடு வரை போனது, வெளுத்த ஆண்களுக்கு 0.8.

செயலி சொல்லாத சிலவற்றை நான் சொல்ல வேண்டியிருந்தது. அதிலுள்ள முடி எல்லாம் அடர்த்தியான முடி. 63 வயதில் வகிடு அகலமாகிவிட்டது. நடு வகிட்டைக் கொஞ்சம் பக்கத்துக்குத் தள்ளினால் அது தெரியாது. நரைமுடி விறைப்பானது, படியாது. சுருட்டை முடியை ஈரத்தோடு வெட்டினால் காய்ந்தபின் இரண்டு விரல் மேலேறிவிடும். காதுக்கு மேலே போனால் தோடு பளிச்சென்று தெரியும், காது துளை தொங்கியிருந்தால் அதுவும் தெரியும். தாடைக்குச் சரியாக முடியும் வெட்டு அந்த இடத்தின் சதையையே காட்டும். அதற்குக் கொஞ்சம் கீழே முடிந்தால் கழுத்து நீளமாகத் தெரியும்.

ஆனால் பெரியம்மா கேட்ட கேள்விக்குச் செயலியிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. "பின்னாடி எப்புடிப்பா இருக்கும்?"

நம் கூந்தல் கலை முழுக்கப் பின்னால் இருப்பது. ஜடை, கொண்டை, பூ, ஜடைபில்லை எல்லாம் முதுகுப் பக்கம். அதனால்தான் நம் ஸ்டூடியோக்காரர்கள் பூத்தைத்த ஜடையோடு நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் கண்ணாடி வைத்து, முன்னும் பின்னும் ஒரே படத்தில் விழும்படி எடுத்தார்கள். வளைகாப்புப் படங்களில் இன்றும் அப்படி ஒன்று உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கும். தன் தலையின் பின்பக்கத்தை ஒரு பெண் ஆற அமரப் பார்க்க முடிந்தது அந்தப் படத்தில்தான். செயலியின் முடி நெற்றியைப் பற்றியே யோசிக்கிறது. எங்கோ கண்ணாடி முன் நின்று முகத்தை மட்டும் பார்த்துக்கொண்ட ஊரில் செய்த பொருள்.

பெரியம்மாவே உள்ளே போய் அந்தக் காலத்து வளைகாப்புப் படத்தை எடுத்துவந்தார். கண்ணாடிக்குள் இடுப்பு வரை தொங்கும் ஜடை. போனில் தோள் வரை வெட்டிய படம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முழுக் குட்டை வேண்டாம், பாப் வேண்டாம், கோண வகிடு எடுத்து, இடது கை ஒன்றாலேயே அள்ளி ஒரு கிளிப் போடும் நீளம் போதும் என்று அவரேதான் முடிவுக்கு வந்தார். எந்தச் செயலியிலும் 'ஒரு கையால் முடிய முடிகிற நீளம்' என்று ஒரு வகை இல்லை.

அந்தப் படத்தைப் பெரியப்பாவிடம் நான்தான் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இது கொண்டை போடாத மாதிரி இருக்கு, வெட்டுன மாதிரி இல்லையே" என்றார். சம்மதமா என்று கேட்கவில்லை, கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்.

போன வெள்ளிக்கிழமை மருமகள்தான் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். போன் செய்தேன். அக்கம்பக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "நார்த்தாமலை மாரியாத்தாளுக்கு வேண்டுதல்னு சொல்லிட்டேன்" என்றார்.

"நெசமாவே வேண்டிக்கிட்டீங்களா பெரியம்மா?"

"வெட்டுனதுக்கு அப்பறம் வேண்டிக்கிட்டேன்ப்பா. முடிய மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சிருக்கேன்."