மன்னர்க்கென்று ஒரு மோட்டார்

முடி தரித்தோர் ஏறிச் செல்லத்தக்க மோட்டார் ஒன்று செய்வேன். அது போன்றதை உலகம் முன்பும் கண்டிருக்கக் கூடாது, பின்பும் காணக் கூடாது. இப்படி ஓர் ஆசை, இருபதாம் நூற்றாண்டின் தொழில் மேதை ஒருவர் உள்ளத்திலே குடிகொண்டது. எட்டோரே புகாட்டி அவர் பெயர். 1881இல் மிலான் நகரில், கலைஞர் குடும்பத்தில் பிறந்தவர். அல்சாஸ் பகுதியில் மோல்சைம் என்னும் சிற்றூரில் தொழிற்கூடம் அமைத்து, பந்தய வண்டிகளால் பெரும்புகழ் ஈட்டியவர். ஆற்றலில் குறையில்லை, அழகுணர்ச்சியிலும் குறையில்லை. குறை, அந்த ஆற்றலை யார் காலடியில் வைக்க எண்ணினார் என்பதிலேதான்!

'ரோயால்' என்று பெயர் வைத்தார். அரசர்க்குரியது என்பது பொருள். நீளம் இருபது அடிக்கும் மேல். எடை ஏறத்தாழ மூன்று டன். வரிசையாக எட்டு சிலிண்டர்கள். எஞ்சினின் கொள்ளளவு 12.7 லிட்டர். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பத்தின் எஞ்சின்களை ஒன்றாக உருக்கி வார்த்தாற்போல என்று வைத்துக் கொள்ளுங்கள்! முகப்பிலே துதிக்கை தூக்கி நிற்கும் வெள்ளி யானை. அது எட்டோரேயின் தம்பி, சிற்பி ரெம்பிராண்ட் புகாட்டி வடித்த உருவம். அந்தத் தம்பி 1916இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டவர். அண்ணனின் ஆடம்பரத்தை நான் பழித்தாலும், மறைந்த தம்பியை வண்டியின் நெற்றியில் ஏற்றி வைத்த அந்தப் பாசத்தைப் பழிக்க மனம் வரவில்லை.

தேர் என்றதும் தமிழனுக்குப் பாரி நினைவுக்கு வருவான். கொழுகொம்பின்றி வாடிய முல்லைக்குத் தேரை ஈந்துவிட்டு நடந்தவன் அவன். மோல்சைமில் செய்த தேரோ, இறங்கி வர மனமில்லாதவர்களுக்கென்றே செய்யப்பட்டது.

இருபத்தைந்து வண்டிகள் செய்வதாகத் திட்டம். முதல் வண்டி வெள்ளோட்டம் கண்டது 1926இல். ஆண்டைக் கவனியுங்கள். உருசியாவின் ஜார் 1917இல் வீழ்ந்தான். செருமனியின் கெய்சரும் ஆஸ்திரியாவின் ஆப்ஸ்பர்க் மன்னனும் 1918இல் முடி துறந்தனர். 1922இல் துருக்கியின் சுல்தான் பீடமும் சரிந்தது. அரியணைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்து கொண்டிருந்த காலத்தில், அரியணைக்குச் சக்கரம் பூட்டிக் கொண்டிருந்தார் புகாட்டி! 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சிதான் இவ்வண்டியைக் கெடுத்தது என்று எழுதுவோர் உண்டு. வீழ்ச்சி ஒரு காரணமே, மறுக்கவில்லை. ஆனால் வாங்குவோன் கைப்பணம் கரைவதற்கு முன்பே, வாங்க வேண்டிய வர்க்கமே கரைந்து கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தெழுத வேண்டாமா?

ஸ்பெயின் நாட்டு மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோ ஒரு வண்டி பெறப்போகிறார் என்று பேசப்பட்டது. 1931 ஏப்ரலில் அந்நாட்டு மக்கள் குடியரசை வரவேற்றனர். மன்னர் நாட்டைவிட்டே போனார்.

முடிவில் இருபத்தைந்து, ஆறாகச் சுருங்கியது. அந்த ஆறிலும் அக்காலத்தில் விலைபோனவை மூன்று. மூவர் வாங்கினர், ஆனால் முடியுடை மூவர் அல்லர்! ஒருவர், பாரிசில் ஆயத்த ஆடை விற்றுச் செல்வரான அர்மான் எஸ்தேர். மற்றொருவர், செருமனியின் மகப்பேறு மருத்துவர் ஜோசப் ஃபுக்ஸ். மூன்றாமவர் இங்கிலாந்துச் செல்வர் ஒருவர். தையல் தொழிலால் உயர்ந்தவரும் பிரசவம் பார்த்து உயர்ந்தவரும் அரசர்க்குரிய வண்டியில் ஏறி அமர்ந்தனர். பிறப்பால் வருவதே பெருமை என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

எஸ்தேர் வாங்கியது திறந்த வண்டி. இருவர் அமர்வது. இரவிலே தாம் வண்டி ஓட்டுவதில்லை என்று அவர் சொன்னதால், முன்விளக்கே இல்லாமல் அதை வடிவமைத்தார் எட்டோரேயின் மகன் ழான். மருத்துவர் ஃபுக்ஸ் வாங்கியதும், வேண்டும்போது கூரையை மடக்கித் திறந்து கொள்ளும் வண்டியே. உடற்கூட்டை மியூனிக் நகரத்து வைன்பெர்கர் பட்டறை கட்டிக் கொடுத்தது. மொத்த விலை ஏறத்தாழ 43,000 டாலர். அதே காலத்தில் ஃபோர்டு கார் ஒன்றை ஐந்நூறு டாலருக்கும் குறைவாக வாங்கலாம்.

மருத்துவரின் வண்டிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தான். ஃபுக்ஸ் தாய்நாட்டைத் துறந்தார். வண்டியும் கடல் பல கடந்து நியூயார்க் சேர்ந்தது. அங்கே ஒரு கடுங்குளிரில், எஞ்சினுக்குள் இருந்த நீர் உறைந்து, வார்ப்பிரும்பு வெடித்தது. நாற்பத்து மூவாயிரம் டாலர் வண்டி, காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்தது! 1940களில் சார்லஸ் செயின் என்னும் எஞ்சினியர் அதைக் கண்டெடுத்துப் புதுப்பித்தார். பின்னர் டியர்பார்னில் உள்ள ஃபோர்டு காட்சியகத்துக்கு நன்கொடையாகவும் தந்தார். ஐந்நூறு டாலர்க் கார் செய்தவரின் பெயர் தாங்கிய கூடத்தில்தான் அது இன்று நிற்கிறது.

விற்காத வண்டிகளுக்கென வார்த்த எஞ்சின்கள் என்ன ஆயின? இங்கேதான் வரலாறு சுவைக்கிறது. 1933 முதல் புகாட்டி இரயில் வண்டிகள் செய்யத் தொடங்கினார். அரசர்க்கென அமைத்த அதே எஞ்சினைச் சற்றே அடக்கி, வண்டிக்கு இரண்டு, நான்கு என்று பூட்டினார். இவ்வாறு எண்பத்தெட்டு வண்டிகள் உருவாயின. பிரெஞ்சு இரயில் பாதைகளில் 1950கள் வரை ஓடின. சீட்டு வாங்கிய எவரும் ஏறலாம். குலம் கேட்பாரில்லை, கொடிவழி கேட்பாரில்லை. நொடிந்திருந்த தொழிற்கூடத்துக்கு வேலை தந்தது, சீட்டு வாங்கிய இந்தக் கூட்டமே.

ஆயினும் முதலாளி மனம் மாறிவிடவில்லை. 1936இல் பிரான்சு முழுவதும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, மோல்சைம் தொழிலாளரும் கருவிகளைக் கீழே வைத்தனர். தம்மைக் குடும்பத் தலைவராக எண்ணியிருந்த புகாட்டி, பிள்ளைகளே பகைத்தது போல் மனம் நொந்து பாரிசுக்குப் போய்விட்டார். கூலி உயர்வு கேட்பது எப்படி நன்றிகேடாகும்? 1939இல் ழான், வண்டி ஒன்றைச் சோதிக்கையில் விபத்தில் மாண்டார். 1947இல் தந்தையும் மறைந்தார்.

விற்காமல் தங்கிய மூன்று வண்டிகளைப் போர்க்காலத்தில் குடும்பத்தார் சுவர் எழுப்பி மறைத்து வைத்தனர். 1950இல் அவற்றுள் இரண்டை அமெரிக்கர் ஒருவர், சிறுதொகையும் குளிர்பதனப் பெட்டிகளும் கொடுத்து வாங்கிச் சென்றார். அந்த இரண்டில் ஒன்று 1987இல் இலண்டன் ஏலத்தில் 55 இலட்சம் பவுனுக்குப் போயிற்று. அன்று விலை சொல்லியும் வாங்க ஆளில்லாத பொருள். வண்டி மாறவில்லை, வேட்கைதான் மாறியது.

வேறு இரண்டு ரோயால்கள் அல்சாசிலேயே, மியூலூஸ் நகரில் சேர்ந்தன. ஷ்லும்ப் என்னும் உடன்பிறந்தார் இருவர், கம்பளி நூல் ஆலை முதலாளிகள், நானூறுக்கும் மேற்பட்ட கார்களைப் பூட்டிய கூடத்தில் குவித்திருந்தனர். ஆலைகள் நொடித்தன, முதலாளிகள் சுவிட்சர்லாந்துக்கு ஓடினர். 1977 மார்ச்சில், வேலையிழந்த தொழிலாளர் கூடத்தின் உள்ளே புகுந்து விளக்கை ஏற்றிப் பார்த்தனர். தாங்கள் நூற்ற நூலெல்லாம் எங்கே போயிற்று என்பது கண்ணெதிரே வரிசை வரிசையாக நின்றது! அவர்கள் அவற்றை உடைத்து நொறுக்கிவிடவில்லை. கதவைத் திறந்து, 'தொழிலாளர் காட்சியகம்' என்று பெயரிட்டு, ஏறத்தாழ ஈராண்டுக் காலம் பொதுமக்களை உள்ளே விட்டனர். 1982இல் அது முறைப்படி பொதுக் காட்சியகமாயிற்று.

அதே மியூலூசில் இரயில் காட்சியகமும் ஒன்று உண்டு. எண்பத்தெட்டு புகாட்டி இரயில் வண்டிகளில் எஞ்சியது அங்கே நிற்கிறது.