அந்தரங்கம், தனியுரிமை

வடமொழியில் 'அந்தர்' உள், 'அங்கம்' உறுப்பு. உள்ளே அமைந்தது, நெருங்கியது என்பதே அந்தரங்கத்தின் முதற்பொருள். இதற்கு எதிர்ச்சொல் 'பஹிரங்கம்'. அதுவே தமிழில் பகிரங்கம் ஆயிற்று. ('பகிர்' என்ற வினையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

'அந்தரங்கச் செயலாளர்' என்கிறபோது நம்பிக்கைக்குரியவர் என்று பொருள். சினிமாக் கிசுகிசு கைவைத்த பிறகு சொல்லில் ஒரு கூச்சம் ஏறிவிட்டது. அந்தரங்கம் என்றாலே மறைக்கவேண்டிய ஏதோ ஒன்று. "ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் போனைக் கொடுக்க என்னம்மா தயக்கம்?" என்று விடுதி வார்டன் கேட்பது இந்தப் பொருளில் நின்றுதான்.

'தனியுரிமை' நம் காலத்துக் கூட்டுச்சொல். கொஞ்சம் வறட்டுச் சொல்தான்; ஆனால் அதில் ரகசியத்தின் வாடை இல்லை, ஒருவருக்கு உரியது என்ற உறுதி மட்டுமே உண்டு. 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடிப்படை உரிமை என்று ஏற்றது இதைத்தான்.

கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் மாணவியர் விடுதியில், மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசி கூடாது என்று விதி. படிப்பு கெடக்கூடாதாம். இணங்காத மாணவி வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடக்கம் என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. போனில் என்ன இருந்தது என்பது அங்கே கேள்வியே அல்ல.