பதினாறா, பதினேழா? முதலாண்டு உயிரியல் வகுப்பின் கதை

சென்ற மாதம் ஊரிலிருந்து தங்கை அழைத்தாள். இவ்வாண்டு பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்திருக்கிறாள், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள். "அக்கா, ஸ்கூல் புக்ல மண்புழுவோட கிளைடெல்லம் 14லேருந்து 17ஆவது கண்டம் வரைன்னு இருந்துச்சு. காலேஜ் நோட்ஸ்ல 14லேருந்து 16ன்னு இருக்கு. எதுக்கா சரி?" என்றாள். வகுப்பில் கேட்டாளாம், நோட்ஸில் உள்ளதை எழுது, மதிப்பெண் வரும் என்று பதில் வந்ததாம். அதன்பின் அவள் சொன்னதே என்னை வருத்தியது. "எனக்கு இது வராதுபோல. பேரே ஆயிரம் இருக்கு. வேற டிபார்ட்மென்ட் மாறிடவா?"

நான் உயிரியல் படித்தவள் அல்லள். மொழியியலில் முதுகலை முடித்து, அறிவியல் கலைச்சொற்கள் மொழிவிட்டு மொழி செல்லும் வழிகளை ஆராய்ந்துவருபவள். ஆயினும் தங்கையின் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது ஒன்று தெளிவாயிற்று. முதலாண்டு உயிரியல் என்ற பாடத்துக்கு ஒரு பிறந்த ஊரும் பிறந்த காலமும் உண்டு. அவற்றை அறிந்தால், அவளை அச்சுறுத்தும் பெயர்க்குவியல் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும். இவ்வாண்டு உயிரியல் வகுப்பில் காலடி வைத்திருக்கும் அனைவருக்கும் உதவக்கூடும் என்பதால் இங்கு எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

உயிரியல் என்று நாம் வழங்கும் சொல்லின் ஐரோப்பிய மூலம் 1800ஐ ஒட்டித்தான் நிலைபெற்றது. 1802இல் ஜெர்மனியில் ட்ரெவிரானஸும் பிரான்சில் லமார்க்கும் அதனைத் தனித்தனியே கையாண்டனர். சொல் பிறந்தாலும் பாடம் பிறக்கவில்லை. கல்லூரிகளில் தாவரவியல் ஒருபுறமும் விலங்கியல் மறுபுறமும் இருந்தன. மருத்துவ மாணவர் மனித உடலைத் தனியே கற்றனர். இவற்றையெல்லாம் உயிர் என்னும் ஒரே பொருளின் கூறுகளாகக் கொண்டு தொடக்கநிலை மாணவர்க்கு ஒரே வகுப்பில் கற்பிக்கலாம் என்பதை நடத்திக்காட்டியவர்களுள் முதன்மையானவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. டார்வினின் கொள்கைக்காக மேடைதோறும் வாதிட்டவர் என்றே அவரை நாம் அறிவோம். ஆசிரியர் என்ற முறையில் அவர் செய்தது, என் கருத்தில், அதற்குக் குறைந்ததன்று.

1870களின் தொடக்கத்தில் லண்டனின் சவுத் கென்சிங்டனில் பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு கோடைகால வகுப்பை அவர் நடத்தினார். அக்காலத்தில் அங்கே அறிவியல் ஆசிரியர்க்கு மாணவரின் தேர்ச்சியைப் பொறுத்தே ஊக்கத்தொகை கிடைத்தது. ஆகவே நூலைப் படித்து, நூலையே ஒப்பித்து, நூலிலிருந்தே தேர்வெழுதச் செய்யும் வழக்கம் பெருகியிருந்தது. ஹக்ஸ்லியின் வகுப்பு அதற்கு மாற்று. முதலில் அன்றைய உயிரினத்தைப் பற்றிய விரிவுரை. பின்னர் ஒவ்வொருவரும் மேசைக்குச் சென்று, விரிவுரையில் கேட்டதைத் தம் கண்ணாலும் கையாலும் சரிபார்க்க வேண்டும். மைக்கேல் ஃபாஸ்டர், ரே லங்கெஸ்டர், வில்லியம் ரதர்ஃபோர்டு ஆகியோர் மேசை மேசையாகச் சென்று உதவினர். பிற்காலத்தில் மூவருமே பெயர்பெற்ற அறிஞராயினர்.

உலகிலுள்ள எல்லா உயிர்களையும் ஒரு வகுப்பில் காட்ட இயலாது. ஆதலால் வகைக்கு ஒன்றாகச் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றை மட்டும் முழுமையாக அறியச் செய்தார். ஹென்றி நியூவெல் மார்ட்டினுடன் சேர்ந்து 1875இல் அவர் வெளியிட்ட செய்முறை நூல் ஈஸ்ட்டில் தொடங்கி, அமீபா, பாக்டீரியா, பூஞ்சைக்காளான், பெரணி, அவரைச் செடி, ஹைட்ரா, நன்னீர் மட்டி, நண்டினத்தைச் சேர்ந்த கிரேஃபிஷ் என்று ஏறித் தவளையில் முடிந்தது. எளியதிலிருந்து சிக்கலானதற்கு என்பது அந்த வரிசையின் தருக்கம். மார்ட்டின் 1876இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது இம்முறையும் அவருடன் கடல் கடந்தது. நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக அமீபாவில் தொடங்கித் தவளையில் முடிந்த பாடத்திட்டங்களும் இந்த மரபின் கிளைகளே.

இதில் நாம் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. 1888இல் அந்நூலின் திருத்திய பதிப்பு வந்தபோது வரிசை தலைகீழாக்கப்பட்டது; தவளை முதலுக்கு வந்தது. எளிய உயிரி என்பது எளிதில் விளங்கும் உயிரி அன்று. அமீபாவைக் காண நுண்ணோக்கி வேண்டும். கண்ட பின்னும் அதில் கை, கால், வாய் என்று நாம் அறிந்த எதுவும் இராது. தவளைக்கோ கண்ணும் நாவும் எலும்பும் இதயமும் உண்டு. அவை நம் உடலிலும் உள்ளவை. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்வதே தொடக்கநிலையினர்க்கு ஏற்றது என்று பல ஆண்டுக் கற்பித்தல் அனுபவத்தின் பின் ஹக்ஸ்லி முடிவு செய்தார். தம் வரிசை பிழை என்று தோன்றியபோது மாற்றிக்கொண்ட அந்த நேர்மையைப் பாடத்திட்டம் வகுப்போர் அனைவரும் பின்பற்றினர் என்று சொல்வதற்கில்லை.

பெயர்கள் பெருகி, பார்த்தல் குறைந்தது எவ்வாறு? என் புரிதலில், பாடத்தைக் காட்டிலும் தேர்வு விரைவாகப் பயணம் செய்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றியபோது லண்டன் பல்கலைக்கழகத்தையே முன்மாதிரியாகக் கொண்டன. அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தும் இடமன்று. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பு. ஹக்ஸ்லியிடம் 1884இல் மாணவராகச் சேர்ந்து, பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியரான எச். ஜி. வெல்ஸும் லண்டன் தேர்வுக்கு அஞ்சல்வழியில் படிப்போர்க்காக 1893இல் ஓர் உயிரியல் பாடநூல் எழுதினார். மேசையருகே நின்று கற்ற ஒருவர், மேசை கிடைக்காத மாணவர்க்கு எழுத்தால் காட்ட நேர்ந்தது. ஆய்வகத்தை விடைத்தாளில் எழுத முடியாது, பெயர்களை எழுதலாம். தேர்வுக்கு எது எளிதோ அதுவே பாடமாக எஞ்சியது.

இனி மண்புழுவுக்கு வருவோம். இங்கிலாந்தின் நூல்கள் விவரித்த மண்புழு லும்பிரிகஸ். அதன் கிளைடெல்லம், அதாவது உடலைச் சுற்றித் தடித்திருக்கும் பட்டை, ஏறத்தாழ 32ஆம் கண்டத்திலிருந்து 37ஆம் கண்டம் வரை அமைந்தது. கண்டத்துக்கு எட்டு மயிர்முட்கள். இந்திய மாணவர் கையில் கிடைத்த ஃபெரெட்டிமாவுக்கோ பட்டை 14 முதல் 16 வரை; மயிர்முட்கள் கண்டத்தைச் சுற்றி வளையமாக நிற்கும். புழுவுக்கும் புத்தகத்துக்கும் பொருத்தம் இல்லை. லக்னோ பல்கலைக்கழகத்தின் கரம் நாராயண் பாஹ்ல் இந்தப் பொருத்தமின்மையையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். ஃபெரெட்டிமாவின் கழிவுநீக்கக் குழல்களுள் ஒரு பகுதி, ஐரோப்பியப் புழுவில் உள்ளதுபோல் வெளியே திறவாமல் குடலுக்குள் திறக்கின்றன என்று 1919இல் காட்டினார். கழிவோடு போகும் நீரைக் குடல் மீட்டுக்கொள்ள இவ்வமைப்பு உதவுகிறது. வறண்ட பருவம் நீளும் நாட்டில் இது சிறிய செய்தியன்று.

பின்னர் இந்திய விலங்குகளைக் கொண்டே இந்திய மாணவர் கற்க வேண்டும் என்று ஒரு நூல்வரிசையைப் பாஹ்ல் தொடங்கினார். 1926இல் வந்த ஃபெரெட்டிமா அதன் முதல் நூல். 1928இல் வந்த சுறாமீன் நூலை எழுதியவர், லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் கற்பித்த தில்லையம்பலம் என்னும் தமிழ்ப் பெண்மணி. பிற்காலத்தில் அவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியின் அதிபரானார். நம் பாடநூல்களில் சுறாவின் உள்ளுறுப்புப் படங்களை வரைந்து பழகிய தலைமுறைகளுள் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பர்?

தங்கையின் கேள்விக்கு விடை இங்கே உள்ளது. அவளுடைய கல்லூரி நோட்ஸில் இருப்பது ஃபெரெட்டிமா: 14 முதல் 16. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் நம் மண்ணில் பரவலாகக் காணப்படும் லாம்பிட்டோ மாரிட்டியைக் கொண்டது: 14 முதல் 17. இரண்டும் சரி. புழு வேறு. லும்பிரிகஸின் இடத்தில் ஃபெரெட்டிமாவை வைக்க ஒரு வாழ்நாள் உழைப்புத் தேவைப்பட்டது. அந்த ஃபெரெட்டிமாவே இன்று, பார்க்காமல் எழுத வேண்டிய இன்னொரு விடையாகிவிட்டது. "எது சரி" என்று கேட்ட பெண், பாஹ்ல் நின்ற இடத்தில்தான் நின்றிருக்கிறாள். அவளுக்கு உயிரியல் வராது என்று நான் எப்படி ஒப்புவேன்?

பெயர்களைப் பற்றி என் துறையிலிருந்து ஒரு சொல். ஆயிரம் பெயர்களும் ஆயிரம் சொற்கள் அல்ல. சில நூறு கிரேக்க, லத்தீன் வேர்கள் மாறி மாறிச் சேர்ந்தவை. ஃபோட்டோ என்பது ஒளி, சிந்தசிஸ் என்பது சேர்க்கை. தமிழ்வழி மாணவி ஒளிச்சேர்க்கை என்று ஏற்கெனவே அறிந்ததுதான். எக்டோ புறம், மீசோ இடை, எண்டோ அகம். டெர்ம் என்பது தோல். மைட்டோகாண்ட்ரியா என்பதற்கு இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் சொல் இழைமணி. கிரேக்கத்தில் மைட்டோஸ் நூலிழை, காண்ட்ரியான் சிறுமணி. பெயரிட்டவர் நுண்ணோக்கியில் கண்டதைத் தமிழ்ச் சொல் அப்படியே காட்டிவிடுகிறது. மைட்டாசிஸ் என்பதிலும் அதே இழைதான். தமிழ்வழியில் படித்து வந்தது குறையன்று. பெயருக்குள் பொருளைக் காணும் பயிற்சி அது.

ஆகவே முதலாண்டில் எதனை எதிர்பார்க்கலாம்? இன்று உலகெங்கும் பயிலப்படும் பெரும் பாடநூல்களுள் ஒன்றான கேம்பெல் 1987இல் முதன்முதலாக வந்தது. அது அணுவிலும் நீரிலும் தொடங்கி, செல், மரபியல், பரிணாமம், உயிர்ப்பன்மை என்று சென்று சூழலியலில் முடிகிறது. பல வகுப்புகளின் போக்கும் ஏறத்தாழ அதுவே. கண்ணுக்குத் தெரியாதது முதலில், கண்ணெதிரே உள்ளது இறுதியில். முதல் சில மாதங்கள் வேதியியல் வகுப்பில் தவறி நுழைந்ததுபோல் தோன்றும். அது உங்கள் குறையன்று, வரிசையின் இயல்பு. விலங்குகளை அறுக்கும் வழக்கத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் குறைக்கவும் 2014இல் கைவிடவும் அறிவுறுத்தியது. தவளைகள் பிழைத்தன, அது நன்று. அறுப்பதை நிறுத்தியதற்காகப் பார்ப்பதையும் நிறுத்த வேண்டியதில்லை. பல ஆய்வகங்களில் அந்த நேரத்தைச் சுவர்ப்படங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். அங்கு வெங்காயத் தோலோ குளத்து நீரோ நீங்களே கொண்டு செல்லுங்கள். ரெக்கார்டு நோட்டில் படத்தைப் பார்த்துப் படம் வரையாமல், பொருளைப் பார்த்து வரையுங்கள். பெயரைப் பிறகு எழுதுங்கள்.

தங்கையிடம் துறை மாற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழை பெய்தபின் கொல்லையில் ஒரு புழுவை ஈரத்தாளில் எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து முன்முனையிலிருந்து எண்ணிப் பார், எண்ணியபின் மண்ணிலேயே விட்டுவிடு என்று மட்டும் சொன்னேன். நேற்று இரவு ஒரு புகைப்படம் வந்தது. விளக்கொளியில் சற்றே மங்கலான படம். கீழே ஒரு வரி: "மூணு தடவை எண்ணிட்டேன்கா. பதினேழு." தேர்வில் பதினாறு என்றே எழுதுவாள், எந்தப் புழுவுக்கு என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.