கைப்பிடியும் சுவிட்சும்: பழைய பிக்கப்பின் இரண்டு கண்ணாடிகள்

டாடா நிறுவனம் 1988-இல் டாடாமொபைல் பிக்கப்பைக் கொண்டுவந்தது. அதே அடித்தளத்தில் 1991-இல் சியரா கார் வந்தது. பிக்கப்பின் கதவில் சுற்றும் கைப்பிடி, சியராவின் கதவில் பவர் விண்டோ. பாரம் ஏற்றும் வண்டிக்குக் கை போதும் என்ற அந்தக் கணக்கு பிறகு மாறியது. ஸ்கார்பியோ கெட்அவே, ஜீனான் போன்ற பிக்கப்புகளில் பவர் விண்டோ ஏறியது. பொலேரோ பிக்கப்புகள் பலவற்றில் கைப்பிடியே நீடித்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்திலும் குளச்சலிலும் மீன் ஏற்ற நிற்கும் வரிசையிலும், கோட்டாறு சந்தையில் வாழைக்குலை இறக்கும் இடத்திலும் இரண்டு வகையையும் பார்க்கலாம். வண்டி பழசான பிறகு எது குறைவாகப் படுத்தும்?

கதவின் உள்பக்க டோர் பேடைக் கழற்றினால் முதலில் தெரிவது, இரண்டும் பெரிதாக வேறில்லை என்பதுதான். கண்ணாடியைத் தூக்குவது ரெகுலேட்டர். அது கத்தரிக்கோல் மாதிரி விரியும் கைகளாக இருக்கும், அல்லது உருளையில் சுற்றிய கம்பிக் கயிறாக இருக்கும். கண்ணாடி ஓடுவது இரு பக்கத்து ரப்பர் சேனலில். கைப்பிடி வண்டியில் ரெகுலேட்டரைச் சுற்றுவது நம் கை. பவர் விண்டோவில் அந்த வேலையை ஒரு 12 வோல்ட் மோட்டார் செய்கிறது. ரப்பர் காய்ந்து இறுகினால் இரண்டிலும் கண்ணாடி சிக்கும். ஆனால் கைப்பிடியில் அந்த இறுக்கம் உடனே கைக்குத் தெரிந்துவிடும். மோட்டார் ஒன்றும் சொல்லாமல் மாதக்கணக்கில் திணறிச் சூடேறி, ஒருநாள் நின்றுவிடும். பழுது மோட்டாரில் என்று நினைப்போம். வேர் ரப்பரில் இருக்கும்.

கைப்பிடியில் கெடுவது சில பொருள்களே. பிளாஸ்டிக் பல் தேயும், கிளிப் கழன்று விழும், ரெகுலேட்டர் துருப்பிடிக்கும். கைப்பிடி வழுக்கினாலும் தண்டை ஒரு குறடால் பிடித்துத் திருப்பிக் கண்ணாடியை ஏற்றிவிடலாம். மழையில் சரக்கோடு போகிறவருக்கு இது பெரிய ஆறுதல்.

பவர் விண்டோவுக்கு இந்த மாவட்டம் கடினமான இடம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரையில் காற்றே உப்பு. மீன் வண்டியில் ஐஸ் உருகி வழியும் தண்ணீரும் உப்பு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சுவிட்சுக்குள்ளும் ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள்ளும் இருக்கும் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைச் சேறு அடைத்துவிட்டால் கதவுக்குள்ளேயே நீர் தேங்கும். அந்த ஈரத்தில் கைப்பிடி வண்டியின் ரெகுலேட்டரும் துருப்பிடிக்கத்தான் செய்யும். ஆனால் துருப்பிடித்த இரும்பு மெல்ல மெல்லத்தான் இறுகும். களிம்பு பிடித்த மின்தொடர்பு சொல்லாமல் கைவிடும்.

பழுது பார்ப்பதில்தான் இரண்டுக்கும் பெரிய தூரம். கைப்பிடியின் கோளாறு கண்ணுக்குத் தெரியும். பவர் விண்டோவில் காதை முதலில் நம்ப வேண்டும். சுவிட்சை அழுத்தும்போது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால், ரெகுலேட்டரின் கயிறோ பல்லோ போயிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது சரியென்றால் மோட்டாரின் கப்ளருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும், உடனே மோட்டார் போச்சு என்று தீர்ப்பு வந்துவிடும். களிம்பு பிடித்த தொடர்பு வழியாகவும் மீட்டருக்கு வேண்டிய சொட்டு மின்சாரம் போகும். மோட்டாருக்கு வேண்டியது போகாது. மீட்டருக்குப் பதில் ஒரு ஹெட்லைட் பல்பை அந்தக் கப்ளரில் இணைத்துச் சுவிட்சை அழுத்துங்கள். பிரகாசமாக எரிந்தால் சந்தேகம் மோட்டார்மேல். மங்கினாலோ எரியாவிட்டாலோ கோளாறு சுவிட்சிலோ ஒயரிலோ எர்த்திலோ இருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கும் ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருப்பது மிகவும் சாதாரணம். இடப்பக்கக் கண்ணாடிக்குப் போகும் மின்சாரம் பல வண்டிகளில் டிரைவர் பக்கத்து மெயின் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. அதனால் அந்தப் பக்கம் வேலை செய்யாவிட்டாலும் இந்தப் பக்கத்துச் சுவிட்சைத் திறந்து சுத்தம் செய்து பார்ப்பது நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கத்தரிக்கோல் வகை ரெகுலேட்டரில் கனமான சுருள் ஸ்பிரிங் இருந்தால், பல்சக்கரத்தைப் பூட்டிக் கட்டாமல் மோட்டாரைக் கழற்றாதீர்கள். அதன் கை திடீரெனச் சுழன்று விரலை நசுக்கிவிடும். கண்ணாடியையும் டேப் ஒட்டிக் கதவுச் சட்டத்தோடு பிடித்து வையுங்கள்.

பவர் விண்டோவுக்கு ஒரு நியாயமும் உண்டு. தனியாக ஓட்டுகிறவர் ஆரல்வாய்மொழியில் மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது, வண்டியை நிறுத்தாமலே இடப்பக்கக் கண்ணாடியை ஏற்றலாம். கைப்பிடி வண்டியில் அதற்கு ஓரம் கட்டத்தான் வேண்டும். தோவாளையிலிருந்து விடியற்காலை பூ ஏற்றி ஓடுகிறவருக்கு இந்த வசதி சின்ன விஷயமில்லை.

இருந்தாலும் என் முடிவு இதுதான். கடற்கரையில் மீன் ஏற்ற பழைய பிக்கப் வாங்குகிறவர் கைப்பிடி வண்டியையே தேடட்டும். ஏற்கெனவே பவர் விண்டோ வண்டி வைத்திருப்பவர் ஜூன் மழைக்கு முன்னால் கதவின் அடி ஓட்டைகளைக் குத்தித் திறந்து, சேனல் ரப்பரைத் துடைத்துச் சிலிக்கான் ஸ்பிரே அடிக்கட்டும். எண்ணெயும் கிரீஸும் ரப்பரை உப்ப வைத்துவிடும், அவை வேண்டாம். புது மோட்டாருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் முன், ஒரு பல்பை மாட்டி எரியவைத்துக் காட்டும்படி எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.