பனியில் ஒட்டிக்கொண்ட கார்க் கதவு



நம் நாட்டில் கார்க் கதவு திறக்கவில்லையென்றால் பூட்டில் துரு ஏறியிருக்கும். கனடாவிலும் ருஷ்யாவிலும் மார்கழி, தை மாதங்களில் காரணமே வேறு. கதவைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையில் தங்கிய நீர் இரவில் உறைந்து, கதவையும் சட்டத்தையும் பசை போல் பிடித்துக்கொள்கிறது. ஐஸ் பெட்டியில் நன்றாக உறைந்த கட்டியை ஈரக் கையால் தொட்டால் விரலில் ஒட்டுகிறதல்லவா? அதே கதைதான்.

ஆதிகாலக் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1908-இல் ஹென்றி போர்டு வெளியிட்ட 'மாடல் டி' கார்கள் பெரும்பாலும் திறந்தவை. பக்கக் கண்ணாடி கிடையாது. ஓட்டுபவர் குளிரில் விறைத்தார், அவ்வளவே. 1920-களில் அமெரிக்காவில் மூடிய கார்கள் பெருகின. மழையும் காற்றும் புகாமலிருக்க இடைவெளிகளை அடைக்க வேண்டியதாயிற்று. அதற்கு ரப்பர் வந்தது.

ரப்பர் பனிநாட்டில் நிலைத்ததே பெரிய கதை. 1830-களில் பச்சை ரப்பரில் செய்த சப்பாத்துகள் அங்கே கோடையில் பிசுபிசுத்தன, குளிரில் கட்டையாயின. இதற்கு வழி தேடிய சார்ல்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் கையிலிருந்த பொருளையெல்லாம் தொலைத்தார். கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டது. உருகவில்லை, தோல் போலக் கருகியது. அதை இரவு முழுவதும் வெளிக்குளிரில் ஆணியடித்து வைத்தாராம். காலையிலும் வளைந்து கொடுத்ததாம். 1844-இல் காப்புரிமை கிடைத்தது. இருந்தும் 1860-இல் கடனாளியாகவே இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர்க் கம்பெனி 1898-இல்தான் தோன்றியது. அவர் குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

ரப்பர் வளைந்தாலும் நீர் உறையத்தான் செய்யும். ஆகவே குளிர்நாட்டார் பனிக்காலத்துக்கு முன்பே பட்டையைத் துடைத்து உலர்த்திக் கிளிசரின் தடவினார்கள். கிளிசரின் கலந்த நீர் எளிதில் உறையாது. பின்னர் சிலிகோன் எண்ணெய் வந்தது. அதன்மேல் நீர் ஒட்டாது. பெட்ரோலிய எண்ணெய் கூடாது. இயற்கை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். அவசரத்தில் கொதிநீர் ஊற்றுவோரும் உண்டு. கண்ணாடி வெடிக்கலாம், ஊற்றிய நீரும் மறுபடி உறையும்.

அந்தக் கதவுகளில் நம் பாட்டன்மார் வெட்டிய பாலும் இருந்திருக்கும். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த சில கன்றுகளில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலக ரப்பரில் மிகப் பெரிய பங்கை மலாயா தந்தது. ஆனால் இயற்கை ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடித்துப் போகும். 1960-களில் அவற்றைத் தாங்கும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் சந்தைக்கு வந்தது; கதவுப் பட்டை வேலை மெல்ல அதனிடம் போயிற்று. லோரி டயரும் விமான டயரும் இன்னும் மரத்துப் பாலைத்தான் கேட்கின்றன.