சாலையேறாத வண்டிகளும் காப்பீட்டுச் சட்டமும்

மோட்டார் வண்டி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது சாலை. வண்டியும் சாலையும் ஒன்றையொன்று பிரியாதவை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயின், வாங்கிய நாள்தொட்டுக் கழித்துப் போடும் நாள்வரை பொதுச்சாலையில் சக்கரம் பதிக்காத வண்டிகளும் உலகில் பல்லாயிரம் உண்டு. இரும்புச் சுரங்கத்தின் ஆழத்திலே கனிமப் பாறைகளைச் சுமந்து திரியும் பெரிய டம்பர்கள். திராட்சைத் தோட்டத்துச் சரிவுகளில் ஊர்ந்து செல்லும் சிறு டிராக்டர்கள். பனிவெளியில் வழுக்கியோடும் இயந்திரச் சறுக்கு வண்டிகள். பந்தயத் திடலை விட்டு வெளியே வராத மோட்டார் சைக்கிள்கள். இவையெல்லாம் அவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றால் அடிபட்டவனுக்கு எலும்பு முறிவதில் சலுகை ஏதுமில்லை. சாலையிலே முறிந்தாலும் களத்துமேட்டிலே முறிந்தாலும் வலி ஒன்றே. மருத்துவச் செலவும் ஒன்றே. எனினும் அச்செலவை யார் ஏற்பது என்ற வினாவுக்கு மட்டும் சட்டம் இடத்துக்கு இடம் வேறு வேறு விடை பகர்ந்து வந்திருக்கிறது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பிரிட்டனுக்குச் செல்வோம். 1930-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சாலைகளில் மோட்டார் வண்டிகளால் மாண்டவர் தொகை ஏழாயிரத்தைத் தாண்டியது. மாண்டவர், காயமுற்றவர் சார்பில் வழக்குத் தொடுத்து வெற்றி பெறுவது அரிதன்று. வெற்றி பெற்றபின் பணத்தை வாங்குவதுதான் அரிது. வண்டியோட்டியின் கையில் காசு இல்லையெனில் நீதிமன்றத் தீர்ப்பு வெறுங்காகிதமே. காப்பீடு எடுத்திருந்தாலும் ஒரு விபரீதம் காத்திருந்தது. தவறிழைத்தவன் கடனில் மூழ்கி நொடித்துப்போய்விட்டால், காப்பீட்டு நிறுவனம் தரும் தொகை அவனுடைய மற்றச் சொத்துக்களோடு கலந்து, கடன் கொடுத்தவர்கள் அனைவருக்கும் பங்கிடப்பட்டது. கால் இழந்தவனும், துணிக்கடைக்காரனும் ஒரே வரிசையில் நின்று பங்கு பெற்றனர்! இவ்வநீதியைக் களைய 1930-இல் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, காப்பீட்டுத் தொகையை நேரே அடிபட்டவன் கைக்குச் சேர்ப்பித்தது. மற்றொன்று, சாலைப் போக்குவரத்துச் சட்டம். மூன்றாம் நபருக்கு விளையும் தீங்குக்குக் காப்பீடு இன்றிச் சாலையில் மோட்டார் வண்டியைப் பயன்படுத்தலாகாது என்று அது விதித்தது.

மூன்றாம் நபர் என்ற சொல்லை மாணவர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். காப்பீடு என்பது இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம். வண்டியின் உடைமையாளர் ஒருவர். காப்பீட்டு நிறுவனம் மற்றொருவர். இவ்விருவருக்கும் புறம்பாக, ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல், அப்படியொரு ஒப்பந்தம் உண்டென்பதையும் அறியாமல், வழியோடு போய்க்கொண்டிருந்தவனே மூன்றாம் நபர். தன் பொருளைக் காத்துக்கொள்வதும் விடுவதும் ஒருவனுடைய விருப்பம். பிறன் உடலுக்கு இழைக்கும் தீங்குக்கு ஈடு செய்ய ஆயத்தமாக இருப்பதோ அவன் விருப்பத்துக்கு விடத்தக்கதன்று. கட்டாயக் காப்பீட்டின் அடிப்படை இக்கருத்தே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927-இலிருந்தே இதனை நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. நியூஜிலாந்து 1928-இல் சட்டம் இயற்றியது.

ஆனால் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாலை என்ற சொல் ஓர் எல்லைக்கல்லைப் போல் நின்றுவிட்டது. நெடுஞ்சாலையும், பொதுமக்கள் செல்லக்கூடிய பிற சாலைகளுமே அச்சொல்லில் அடங்கும். வயலும் தொழிற்சாலை முற்றமும் அடங்கா. சட்டம் இயற்றியவர்களை இதற்காகக் குறை கூறுவது நேர்மையாகாது என்பது என் கருத்து. முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் எதிர்ப்படும் இடம் சாலை. காவலர் வண்டியை நிறுத்திச் சான்றிதழைக் கேட்கக்கூடிய இடமும் அதுவே. பண்ணைக்குள்ளும் ஆலைக்குள்ளும் அடிபடுபவர் பெரும்பாலும் அங்கே வேலை செய்பவர். அவருக்கென்று தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1897 முதலே பிரிட்டனில் இருந்தது. எனவே அன்று அந்த எல்லை பொருத்தமாகவே தோன்றியிருக்கும். விருந்தாளியாக வந்தவர், பக்கத்துத் தோட்டத்துக் குழந்தை, வேடிக்கை பார்க்க நின்றவர் ஆகியோர் அந்த எல்லைக்கு அப்பாலே நின்றுவிட்டனர்.

இந்தியாவில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதே வழியைப் பின்பற்றியது. அதன் கட்டாயக் காப்பீட்டு அத்தியாயம் 1946-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. சாலை என்பதற்குப் பதிலாகப் பொது இடம் என்ற சற்று விரிந்த சொல்லை நம் சட்டம் கையாண்டது. அதோடு இரண்டாவது வாயில் ஒன்றையும் வைத்தது: குறிப்பிட்ட இயந்திரம் மோட்டார் வாகனந்தானா என்று முதலில் பார்க்கவேண்டும். உடைமையாளரின் வளாகத்துக்குள் மட்டுமே பயன்படும் வண்டி மோட்டார் வாகனமாகாது என்று 1939-ஆம் ஆண்டின் வரையறை கூறிற்று. இதன்படி பார்த்தால், ஒரு வண்டியின் இயல்பை அதன் அமைப்பு தீர்மானிப்பதில்லை. உடைமையாளரின் பழக்கமே தீர்மானிக்கிறது. 1956-இல் இவ்வரையறை திருத்தப்பட்டது. தொழிற்சாலையிலோ வேறு அடைப்புள்ள வளாகத்திலோ மட்டும் பயன்படுமாறு தனிவகையாக அமைக்கப்பட்ட வண்டிக்கே விலக்கு என்றாயிற்று. பழக்கம் போய் அமைப்பு வந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் இதனையே தொடர்ந்தது.

இம்மாற்றத்தின் வலிமையை ஒரிஸ்ஸாவின் சுரங்க வழக்குகள் காட்டுகின்றன. அவை காப்பீட்டு வழக்குகளல்ல, வரி வழக்குகள். எனினும் ஆராயப்பட்ட வினா ஒன்றே. போலானி இரும்புச் சுரங்கத்தின் டம்பர்களைப் பற்றி 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவை பதிவு செய்யப்படவேண்டிய வண்டிகளே. ஆயினும் வளாகத்துக்குள் மட்டும் உழைக்கும்வரை அவற்றுக்குச் சாலை வரி இல்லை என்று கூறியது. வரிச்சட்டம் பழைய வரையறையைத் தழுவியிருந்ததே காரணம். 1992-இல் நிலக்கரிச் சுரங்க டம்பர்களைப் பற்றிய வழக்கில், ரப்பர் டயர்களின்மீது ஓடும் இவை சாலையில் ஓடத்தக்க அமைப்புடையவை; ஆதலால் மோட்டார் வாகனங்களே என்று அதே நீதிமன்றம் கொண்டது. ஒரே இயந்திரம் ஒரு சட்டத்தின் கண்ணுக்கு வண்டி, மற்றொன்றின் கண்ணுக்கு வண்டியன்று! சுரங்கத் தொழிலாளிக்கு 1923-ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டம் துணையிருந்தது. மற்றவர்களுக்கு அத்துணையும் இல்லை.

சட்டம் வற்புறுத்தாத இடத்தில் உடைமையாளர் தாமே முன்வந்து காப்பீடு தேடவேண்டும். அது எளிதன்று. 1970-இல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் மூன்று தடித்த டயர்கள் கொண்ட விளையாட்டு வண்டியை விற்கத் தொடங்கியது. நான்கு சக்கர வண்டிகள் பின்னர் வந்தன. மூன்று சக்கர வகை எளிதில் கவிழ்ந்து, சிறுவர்கள் பலர் மாண்டமையால், 1988-இல் அரசாங்கத்துக்கும் உற்பத்தியாளர்களுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அதன் விற்பனை நின்றது. இவ்வண்டியை வைத்திருந்த குடும்பத்தினர், தங்கள் வீட்டுக் காப்பீடே இதற்கும் போதுமென்று எண்ணுவது வழக்கம். அக்காப்பீட்டின் வழக்கமான விதிகளோ, சொந்த நிலத்துக்குள் நேர்ந்த தீங்குக்கு மட்டும் பொறுப்பேற்று, வேலியைத் தாண்டியதும் கைவிட்டுவிடும். மோட்டார் காப்பீடோ, சாலைக்குரியதல்லாத வண்டி என்று ஒதுக்கும். இரண்டு காப்பீடுகளுக்கும் நடுவிலிருந்த இடைவெளியை நிரப்ப, இவ்வகை வண்டிக்கென்றே தனிப்பத்திரங்கள் பிற்பாடு தோன்றின. அவற்றிலும் பந்தயத்தில் நேரும் தீங்குக்குப் பொறுப்பில்லை என்ற விதி பெரும்பாலும் இடம்பெறும். நம் நாட்டில் கட்டுமான இயந்திரங்களுக்குரிய தனிக் காப்பீடு உண்டு. ஆனால் அதன் முதல் நோக்கம் இயந்திரத்தைக் காப்பது.

இனி, இந்தப் பழைய எல்லைக்கல்லை அசைத்த நிகழ்ச்சிக்கு வருவோம். அது நேர்ந்த இடம் ஸ்லோவேனியா நாட்டின் ஒரு பண்ணை முற்றம். நாள் 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13. வைக்கோல் கட்டுகளைக் களஞ்சியத்தின் பரணில் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. வண்டித்தொடர் பூட்டிய டிராக்டரொன்று, அத்தொடரைக் களஞ்சியத்துக்குள் நிறுத்துவதற்காகப் பின்னோக்கி வந்தது; வந்த வேகத்தில் அங்கே சாத்தியிருந்த ஏணியில் மோதியது. ஏணியின்மீது நின்றவர் கீழே விழுந்தார். டிராக்டருக்குக் கட்டாயக் காப்பீடு இருந்தது. அவர் கேட்ட தொகை 15,944 யூரோ. கீழ்நீதிமன்றங்கள் மறுத்துவிட்டன. டிராக்டர் போக்குவரத்துச் சாதனமாக ஓடும்போது விளையும் தீங்குக்குத்தான் காப்பீடு. பண்ணை இயந்திரமாக உழைக்கும்போது விளைவதற்கு இல்லை என்பது அவற்றின் வாதம். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐயுற்று, வினாவை லக்ஸம்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான காப்பீட்டு ஆணை 1972-இல் பிறந்தது. எல்லைச் சாவடிகளில் காப்பீட்டுச் சீட்டைச் சோதித்துக் கார்களை நிறுத்திவைக்கும் தொல்லையை ஒழிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. வைக்கோல் களஞ்சியத்தின் வாயிலைத் தாண்டாத டிராக்டருக்கு எல்லைச் சாவடியால் என்ன தொல்லை? ஆயினும் ஆணையின் சொற்களையே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. தண்டவாளமல்லாத நிலத்தில் இயந்திர விசையால் செல்வதற்கென அமைந்த எதுவும் வண்டியே என்கிறது ஆணை. டிராக்டர் அதில் அடங்கிற்று. அடுத்து வந்தது மொழிச் சிக்கல். ஆங்கில வாசகம் வண்டியின் பயன்பாடு என்கிறது. பிரெஞ்சு வாசகம் வண்டியின் போக்குவரத்து என்கிறது. வேறு சில மொழிகளில் இரண்டும் இல்லை. எல்லா மொழி வாசகங்களும் சமமான அதிகாரம் உடையவை. ஆகவே சொல்லைக்கொண்டு முடிவு காண இயலாமல், நோக்கத்தைக் கொண்டு முடிவு கண்டனர். விபத்துக்கு ஆளானோரைக் காக்கவே ஆணை மேன்மேலும் வலுவாக்கப்பட்டு வந்தது. எனவே வண்டியின் இயல்பான பணிக்குப் பொருந்திய எந்தப் பயன்பாடும் கட்டாயக் காப்பீட்டில் அடங்கும் என்று 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு வெளியானதும் பெருங்கலக்கம் மூண்டது. புல்வெட்டும் வண்டிக்கும் காப்பீடா, பந்தயக் காருக்கும் காப்பீடா என்று பலரும் வினவினர். இவ்வினாக்கள் வெறும் வேடிக்கையல்ல. பந்தயத்தில் ஒருவர்மீது ஒருவர் மோதுவது எதிர்பார்க்கத்தக்க நிகழ்ச்சி. அதற்கு வரம்பற்ற பொறுப்பேற்க எந்த நிறுவனமும் முன்வராது. காப்பீடு கிடைக்காதெனில் பந்தயமே சட்டவிரோதமாகிவிடும். இத்தீர்ப்பைச் செயற்படுத்தினால் ஒவ்வொரு வண்டியோட்டிக்கும் ஆண்டுக்கு 50 பவுண்டு அளவு கூடுதல் செலவாகும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் கணக்கிட்டுக் கூறியது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய அந்நாடு, 2022-இல் தனிச்சட்டம் இயற்றி அத்தீர்ப்பின் விளைவைத் தன் மண்ணிலிருந்து நீக்கிக்கொண்டது. சாலை, பொது இடம் என்ற பழைய எல்லைக்குள்ளேயே அது நிற்கிறது.

இதற்கிடையே ஐரோப்பிய நீதிமன்றம் தானே தன் கொள்கைக்கு வரம்பு காணலாயிற்று. 2017-இல் அதன்முன் இரண்டு வழக்குகள் வந்தன. ஒன்றில், ஸ்பெயின் நாட்டு ராணுவப் பயிற்சித் திடலில் சக்கர வண்டி கவிழ்ந்து அதில் இருந்தவர் காயமுற்றார். பொதுவண்டிகள் செல்லக்கூடாத இடமாயினும் காப்பீடு உண்டு என்றது நீதிமன்றம். நிலத்தின் தன்மை விடையை மாற்றாது. மற்றொன்று போர்ச்சுகலில் 2006-இல் நேர்ந்த துயரம். திராட்சைத் தோட்டத்து மண்பாதையில் ஒரு டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. அதன் எஞ்சின், களைக்கொல்லி தெளிக்கும் பம்பை இயக்கிக்கொண்டிருந்தது. வண்டியின் கனமும், எஞ்சினின் அதிர்வும், மழையும் சேர்ந்து மண் சரிந்தது. டிராக்டர் கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்கள்மீது உருண்டு ஒரு பெண்மணியைக் கொன்றது. அவ்வேளையில் டிராக்டரின் தலையாய பணி பம்புக்கு விசை தருவதே, போக்குவரத்தன்று. ஆதலால் கட்டாய மோட்டார்க் காப்பீடு இதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பாயிற்று.

இவ்விரு தீர்ப்புகளின் சாரத்தையும் 2021-ஆம் ஆண்டின் திருத்த ஆணை எழுத்தில் வடித்தது. விபத்து நேரும் கணத்தில் வண்டி போக்குவரத்துச் சாதனமாகப் பயன்பட்டதா என்பதே அளவுகோல். நிலம் எத்தகையது, வண்டி நின்றதா ஓடிற்றா என்பவை பொருட்டல்ல. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வல்லவையும், 25 கிலோகிராமுக்கு மேல் கனமிருந்து மணிக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வல்லவையும் மட்டுமே வண்டிகள் என வரம்பு கட்டப்பட்டது. அடைப்பிட்ட திடலில் நடக்கும் பந்தயங்களுக்கு, நடத்துவோர் வேறு காப்பீடு ஏற்பாடு செய்திருந்தால் விலக்கு உண்டு. பொதுச்சாலையில் அனுமதிக்கப்படாத வண்டிகளுக்குக் கட்டாயத்தைத் தளர்த்திக்கொள்ள உறுப்பு நாடுகளுக்கு உரிமையும் தரப்பட்டது. இவ்விதிகளை ஏற்க அந்நாடுகளுக்குக் குறிக்கப்பட்ட கெடு 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 23. இவ்வளவுகோலின்படி ஸ்லோவேனியப் பண்ணை முற்றத்தில் பின்னோக்கி வந்த டிராக்டர் உள்ளே அடங்கும். எஞ்சின் மட்டும் ஓட, போர்ச்சுகல் மண்பாதையில் நின்றுகொண்டிருந்த டிராக்டர் இன்றும் வெளியேதான் இருக்கும்.